சிங்காரத்தோப்பில் அய்யா இருந்த 110 நாள்



மாசி 20 அய்யாவின் அவதாரத் திருநாள் என்பது அன்புக்கொடி மக்களில் சிறு பிள்ளைக்கும் தெரியும். அதற்கு முந்திய நாளான மாசி 19-க்கும் ஒரு வரலாறு உண்டு. கொல்லம் 1014-ஆம் ஆண்டு, ஆங்கிலக் கணக்கில் 1839 மார்ச் மாதத் தொடக்கத்தில், அய்யா திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்புச் சிறையை விட்டு வெளியே வந்த நாள் அது. எதற்காக அவரை உள்ளே வைத்தார்கள், என்ன நிபந்தனைக்கு இணங்கியிருந்தால் முன்னமே விட்டிருப்பார்கள், அதற்கு அய்யா ஏன் இணங்கவில்லை என்பதெல்லாம் திருநாள் மேளத்திலும் பந்தலிலும் பேச நேரமில்லாமல் போய்விடுகிறது. திருஏடு வாசிப்பில் கேட்டவர்களுக்கு இது தெரிந்த கதைதான். பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லித்தர வேண்டிய கதையும் இதுவே.

தென்திருவிதாங்கூரில் பூவண்டன்தோப்பு என்றும் சாஸ்தான்கோவில்விளை என்றும் வழங்கிய இடம்தான் இன்றைய சுவாமிதோப்பு. அங்கே பொன்னுமாடன், வெயிலாள் என்ற தம்பதியருக்கு 1809-இல் ஓர் ஆண்பிள்ளை பிறந்தது. பெற்றோர் ஆசையோடு இட்ட பெயர் முடிசூடும் பெருமாள். சான்றோர் குலத்துப் பிள்ளைக்குப் பெருமாள் என்ற பெயரா, அதிலும் முடி சூடும் பெருமாளா என்று மேல்சாதியார் கொதித்தார்கள். தாயும் தகப்பனும் தம் வீட்டுத் தொட்டிலில் கிடந்த பிள்ளையைத் தாமே வைத்த பெயரால் கூப்பிட முடியவில்லை. பெயரை முத்துக்குட்டி என்று மாற்ற வேண்டியதாயிற்று. பிள்ளைக்கு இன்னும் பேச்சே வரவில்லை. அதற்குள் அதன் பெயருக்குத் தடை வந்துவிட்டது. அய்யாவின் வரலாற்றைச் சொல்லும்போது இதை ஒரு சிறு செய்தி போல ஒரு வரியில் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. தாண்டக்கூடாத செய்தி இது. பின்னால் வந்ததெல்லாம் இதன் தொடர்ச்சிதான்.

அந்த நாளில் திருவிதாங்கூரில் கீழே தள்ளப்பட்ட மக்களின் உடம்புக்கு இருந்த கட்டுப்பாடுகளைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். குடை பிடிக்கக்கூடாது, காலில் செருப்புக் கூடாது, பொன்நகை கூடாது, தலைப்பாகை கூடாது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடக்கக்கூடாது. பெண்களின் மாராப்புக்கே அரசாணை இருந்தது. சான்றோர் குலப் பெண்கள் மேல்சாதிப் பெண்களைப் போல் மேலாடை அணியக்கூடாது என்று 1829 பிப்ரவரி 3-இல் அரசு விளம்பரம் செய்தது. தலைவரி, பனைவரி, கூலியில்லா ஊழியம் என்று உழைப்பின் பலன் போய்க்கொண்டே இருந்தது. பனையேறி இறக்கிய பொருளில் தன் பிள்ளைக்கு எடுத்து வைப்பதற்கு முன் அதிகாரியின் பங்கைக் கொடுத்தாக வேண்டும்.

உடம்புக்கு இருந்ததைப் போல நாக்குக்கும் கட்டு இருந்தது. அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒடுக்கப்பட்டவர்கள் மேல்சாதியார் முன் பேசும்போது நான் என்று சொல்லக்கூடாது, அடியேன் என்றே சொல்ல வேண்டும். தான் உண்ணும் சோற்றைச் சோறு என்னாமல் இழிவான பெயரால் சொல்ல வேண்டும். தன் வீட்டை வீடு என்று சொன்னால் குற்றம், குடில் என்று தாழ்த்திச் சொல்ல வேண்டும். தன் பிள்ளையையே பிள்ளை என்னாமல் விலங்கின் பெயரால் குறிப்பிட வேண்டிய நிலையில் இருந்த சாதிகளும் உண்டு. வாய் திறக்கும் ஒவ்வொரு முறையும் தன்னைத்தானே தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்றால், அந்த வாயால் ஓர் அநியாயத்தை எப்படி முறையிடுவது? முறையிடப் போனாலும் யாரிடம் போவது? கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தவர்களுக்காவது மைலாடியிலும் நாகர்கோவிலிலும் மிஷனரிமார் இருந்தார்கள். அவர்கள் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு மனு எழுதினார்கள், சில வேளை பலனும் கிடைத்தது. நாராயணரை நம்பியிருந்த ஏழைக்கு அந்த வழியும் இல்லை.

முத்துக்குட்டி இந்த மண்ணில்தான் வளர்ந்தார், பனையேற்றுத் தொழிலும் தோட்ட வேலையும் பார்த்தார். திருமாலம்மாளை மணந்து இல்லறம் நடத்தினார். இருபத்து நான்காம் வயதில் கடும் நோயில் விழுந்தார். தாயார் வெயிலாள் அவரைத் திருச்செந்தூர் மாசித் திருவிழாவுக்குக் கொண்டுபோனதும், அவர் கடலுக்குள் நடந்து மறைந்ததும், மூன்றாம் நாள், கொல்லம் 1008 மாசி 20-இல், நாராயணர் பெற்ற வைகுண்டராய்க் கரையேறியதும் நம் ஏட்டில் விரிவாக உள்ளவை. 1833 மார்ச்சில் நடந்தது அது. கரையேறியவரைப் பெற்ற தாய் மகனே என்று அணைக்கப்போனார். தாம் இனி அவருக்கு மட்டும் மகன் அல்ல என்று அய்யா உணர்த்திவிட்டுத் தெச்சணம் நோக்கி நடந்தார்.

பூவண்டன்தோப்பில் அய்யா ஆறு ஆண்டு தவசு இருந்தார். முதல் இரண்டு ஆண்டு ஆறடிக் குழிக்குள், அடுத்த இரண்டு ஆண்டு தரைமேல், பிந்திய இரண்டு ஆண்டு உயர்ந்த பீடத்தின்மேல். தவசு செய்கிறவரைப் பார்க்க முதலில் நோயாளிகள் வந்தார்கள். மண்ணும் தண்ணீரும் மருந்தாயின. பிறகு நோயில்லாதவர்களும் வந்தார்கள். ஒரு சாதியார் மட்டும் வந்திருந்தால் அரசு கண்டும் காணாமல் விட்டிருக்கும். பதினெட்டு சாதியும் வந்து, தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஒரே இடத்தில் நின்றது. ஒரே கிணற்றில் தண்ணீர் மொண்டது. முத்திரிக் கிணற்றடியில் இன்றும் பதம் விட்டு நிற்கிற பக்தர், பக்கத்தில் நிற்பவர் யார் என்று கேட்பதில்லை. அன்றைக்கு அது அரசின் அடித்தளத்தையே ஆட்டிய செயல்.

அய்யா யார் கையிலும் ஆயுதம் கொடுக்கவில்லை. கச்சேரியை முற்றுகையிடச் சொல்லவில்லை. தலைப்பாகை கட்டி வரச் சொன்னார். நெற்றியில் திருநாமம் இடச் சொன்னார். கூனிக் குறுகி அடியேன் என்று நின்றவனை நிமிர்ந்து நிற்கச் சொன்னார். பேய்க்கும் சிறு தெய்வத்துக்கும் பலியும் காணிக்கையும் கொடுத்துக் கடன்படாதே என்றார். ஊரை உறிஞ்சி வரி வாங்கும் ஆட்சியைக் கலியின் ஆட்சி என்றும், ஆண்டவனைக் கலிநீசன் என்றும், தூரத்திலிருந்து வந்து அதிகாரம் செய்யும் வெள்ளையரை வெண்ணீசர் என்றும் பெயர் சொல்லிக் கூறினார். இந்த ஆட்சி முடியும், தருமயுகம் பிறக்கும், ஒரு குடைக்கீழ் உலகாளும் காலம் வரும் என்று கூட்டத்தின் நடுவே வாய்விட்டுச் சொன்னார். நான் என்று சொல்லவே தடை இருந்த நாட்டில் சொன்னார் இதை.

அரசுக்கு இது எவ்வளவு ஆழமாகத் தைத்திருக்கும் என்பதை அறிய ஒரு பழைய செய்தியைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1750-இல் மார்த்தாண்ட வர்மா தம் நாட்டையே திருவனந்தபுரத்துப் பத்மநாப சுவாமிக்கு எழுதிவைத்துவிட்டு, சுவாமியின் தாசனாக ஆள்வதாக அறிவித்தார். பின்வந்த மன்னர்களும் பத்மநாபதாசர் என்ற பட்டத்தோடே ஆண்டார்கள். அதாவது அரசாணை எதுவும் நாராயணரின் ஆணை. வரி கேட்பதும் அவர் பெயரால், ஊழியம் கேட்பதும் அவர் பெயரால். அப்படிப்பட்ட நாட்டில், நீசனின் கொடுமை தாளாமல் நாராயணர் அனந்தபுரத்தை விட்டு நீங்கிவிட்டார், கடலுக்குள் இருந்து எழுந்து இதோ பனங்காட்டுக்குள் தவசு இருக்கிறார் என்றால் என்ன பொருள்? ஆணை போடும் உரிமையே அரசனிடம் இல்லை என்று பொருள். இதைவிடப் பெரிய அரசியல் பேச்சு அந்த நூற்றாண்டில் தெற்கே எழவில்லை. அய்யாவின் சொல்லை வெறும் பக்தி என்று சிலர் ஒதுக்குகிறார்கள், வெறும் அரசியல் என்று வேறு சிலர் பேசுகிறார்கள். அன்றைய அரசு இரண்டையும் பிரிக்கவில்லை. புரிந்துகொண்டுதான் படையை அனுப்பியது.

அப்போது ஆண்டவர் சுவாதித் திருநாள். 1829-இல் ஆட்சிக்கு வந்தபோது அவருக்கு வயது பதினாறு. இசையில் பெரும் புலமை உடையவர். பல மொழிகளில் கீர்த்தனைகள் இயற்றியவர். தஞ்சையிலிருந்து வந்த வடிவேலு போன்ற கலைஞர்களை ஆதரித்தவர். 1834-இல் திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பள்ளி, 1837-இல் வானாய்வு நிலையம் என்று புதுமைகளைக் கொண்டுவந்தவர். கொடுங்கோலர் என்று ஒரே சொல்லில் அவரை முடித்துவிட முடியாது. பத்மநாபரைப் பாட அவருக்கு எத்தனையோ இராகங்கள் இருந்தன. அதே நாராயணரைத் தன் மொழியில் ஓர் ஏழை கூப்பிட்டது மட்டும் அரசவைக்குப் பொறுக்கவில்லை.

மன்னர் சுசீந்திரத்துக்கு வந்திருந்தபோது புகார் சென்றது. கீழ்க்குலத்தான் ஒருவன் தன்னை வைகுண்டன் என்கிறான், எல்லாச் சாதியையும் கூட்டி வைத்திருக்கிறான், அரசை இழித்துப் பேசுகிறான் என்பதே புகாரின் சாரம். மன்னர் அவையோரிடம் விசாரித்தார். அவையில் இருந்த பூவண்டர், ஆயர் குலத்தவர், எழுந்து அய்யாவுக்காகப் பேசினார். அங்கே இருப்பவர் சாதாரண மனிதர் அல்லர், அவருக்குத் தீங்கு செய்வது நாட்டுக்கு நல்லதன்று என்பது அவர் கருத்து. அய்யா அவர் குலத்தவர் அல்லர். அவருக்காகப் பேசுவதால் பூவண்டருக்குக் கிடைக்கப்போவது அரசகோபம் ஒன்றே. அவர் அது தெரிந்தே பேசினார். நம் கதைப்பாடல்களில் சிறையையும் புலியையும் விரித்துச் சொல்கிற அளவுக்குப் பூவண்டரைச் சொல்வதில்லை என்பது ஒரு குறைதான். மன்னர் முன் ஒருவருக்காக இன்னொருவர் வாய் திறந்து நியாயம் சொன்ன அந்தச் சிறு நேரம் இல்லாவிட்டால், அந்த அவையில் உண்மை கேட்கப்படாமலே போயிருக்கும்.

மன்னர் கேட்கவில்லை. படை தோப்புக்குப் புறப்பட்டது.

படை வந்து தோப்பை வளைத்தபோது அய்யாவைச் சுற்றி இருந்த மக்கள் குறைவானவர்கள் அல்லர். எதிர்த்து நிற்கத் துடித்தார்கள். பனையேறிய கைகள், அரிவாள் பிடித்த கைகள் அவை. அய்யா அவர்களை அமர்த்தினார். பொறுத்திருங்கள், நடப்பதைப் பார்த்திருங்கள் என்பதே அவர் கட்டளை. இதைக் கோழைத்தனம் என்று அன்றே நினைத்தவர் இருந்திருக்கலாம். ஆனால் அன்று ஒரு கல் எறியப்பட்டிருந்தால், கலகக்காரக் கூட்டம் என்ற ஒரு சொல்லை வைத்து அரசு அத்தனை பேரையும் வெட்டிச் சாய்த்திருக்கும். அதன்பின் அவர் சொன்ன சொல் எதுவும் யார் காதிலும் மிஞ்சியிருக்காது.

கட்டி இழுத்துப் போனார்கள். வழியெல்லாம் அடியும் ஏச்சும். சுசீந்திரத்தில் மன்னர் தம் கைக்குள் மோதிரத்தை மறைத்துக்கொண்டு, நீ தெய்வம் என்றால் இதற்குள் இருப்பது என்ன என்று கேட்டதாக ஏடு சொல்கிறது. அய்யா அறிந்தும் பதில் சொல்லவில்லை. மன்னனுக்கு வித்தை காட்டிப் பிழைக்க வந்தவர் அல்லர் அவர். எங்கே பேச வேண்டும் என்பதைப் போலவே எங்கே பேசாமல் இருக்க வேண்டும் என்பதையும் அவரே முடிவு செய்தார். நஞ்சு கலந்த பானம் கொடுத்தார்கள். அதையும் வாங்கிக் குடித்தார், ஒன்றும் ஆகவில்லை. அங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு, ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தூரம், கொண்டுபோனார்கள்.

சிங்காரத்தோப்பு என்ற பெயரில்தான் சிங்காரம். புழுவும் அழுக்கும் நெளிகிற இடத்தில் வைத்தார்கள். மிளகாய் வற்றல் புகையில் அடைத்தார்கள். சுண்ணாம்புக் காளவாயில் இட்டார்கள். கடைசியில் பட்டினி போட்ட புலியின் கூண்டில் விட்டார்கள். ஈட்டியால் குத்தியும் அந்தப் புலி அய்யாவைத் தீண்டாமல் அடங்கிக் கிடந்தது. இவை நம் பிள்ளைகள் படமாகவும் பாட்டாகவும் அறிந்தவை. இதற்குப் பின் நடந்ததில்தான் நிறுத்தி நிதானமாகக் கேட்க வேண்டிய செய்தி இருக்கிறது.

கொல்ல முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை என்ற நிலை வந்ததும் அரசு ஒரு வழி கண்டுபிடித்தது. விடுதலை தருகிறோம், ஒரு நிபந்தனைக்கு ஒப்புக்கொள்ள வேண்டும் என்றது. நிபந்தனை இதுதான்: இனி உன் சாதியாரோடு மட்டும் இருந்துகொள், மற்றச் சாதியாரைக் கூட்டக்கூடாது.

கேட்பதற்கு மிகவும் சாதுவான நிபந்தனை. வழிபாட்டை நிறுத்து என்று சொல்லவில்லை. தவசு செய்யாதே என்று சொல்லவில்லை. தன்னை வைகுண்டர் என்று சொல்வதைக் கூட விடச் சொல்லவில்லை. பேசு, ஆனால் உன் ஆட்களிடம் மட்டும் பேசு. இவ்வளவுதான். சிறையின் நாற்றத்தில் நூறு நாளாகக் கிடந்த எவருக்கும் கை தானாக நீளும். வெளியே வந்த பிறகு மெல்ல மெல்ல மீறிக்கொள்ளலாமே என்று புத்தி சொல்கிறவர்களும் எந்தக் காலத்திலும் உண்டு.

அய்யா இணங்கவில்லை. தம்மிடம் வருகிறவர்களில் யாரை ஏற்பது, யாரைத் தள்ளுவது என்று அரசன் சொல்ல முடியாது என்று இருந்துவிட்டார். அந்த நிபந்தனைக்கு இணங்கியிருந்தால், அவர் சொன்னது ஒரு சாதியின் குறை, ஒரு சாதியின் கூச்சல் என்று ஆகியிருக்கும். அரசுகளுக்கு அது எளிது. ஒரு சாதியாரின் கூச்சலை இன்னொரு சாதியாரை ஏவி அடக்கலாம், இரண்டு சலுகை கொடுத்து வாயை மூடலாம். பதினெட்டு சாதியும் ஒன்றாக நின்று ஒரே சொல்லைச் சொன்னால் அதற்கு மருந்தில்லை. சுவாதித் திருநாளின் அதிகாரிகள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். புலியை விட அந்த நிபந்தனைதான் அவர்கள் கையில் இருந்த கூரிய ஆயுதம்.

எந்தக் காலத்து அதிகாரத்துக்கும் இந்த ஆயுதம் பழகியதுதான். இன்று நம் நாட்டு அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு பேச்சுரிமையையும், ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையையும் குடிமக்களுக்குத் தருகிறது. நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கவும் அதே பிரிவு இடம் தருகிறது. ஊரில் தடையுத்தரவு போட்டிருக்கிறது என்ற செய்தியைக் கேட்காத ஆண்டு இல்லை. கூட்டத்துக்கு அனுமதி உண்டு, ஆனால் இந்த இடத்தில்தான், இத்தனை பேர்தான் என்று எழுதிக் கொடுக்கும் தாளை வாங்கிக்கொண்டு வருகிறவர்களுக்குச் சிங்காரத்தோப்பில் கேட்கப்பட்ட அந்த ஒப்புதலின் எடை தெரியும். சில நேரம் அந்தத் தாள் உண்மையிலேயே அமைதிக்காகக் கேட்கப்படுகிறது, சில நேரம் சொல்லைச் சுருக்கவே கேட்கப்படுகிறது. எது எதற்காக என்று பிரித்தறிவதுதான் கடினம். 1839-இல் அய்யாவுக்குச் சட்டம் எதுவும் துணையில்லை, வழக்காட நீதிமன்றம் இல்லை. இணங்க மறுத்தது ஒன்றே அவர் செய்ய முடிந்தது.

110 நாள் கழிந்தது. மாசி 19 அன்று, எந்த நிபந்தனைக்கும் தலையசைக்காமல், தாம் குறித்த நாளில் அய்யா வெளியே வந்தார். மக்கள் சூழத் தோப்புக்குத் திரும்பினார். பதினெட்டு சாதியும் மறுபடி வந்தது.

திரும்பிய பிறகு அவர் நடந்துகொண்ட விதம்தான் அந்த மறுப்புக்குச் சாட்சி. வாகைப்பதியில் 700 குடும்பத்தாரைத் துவையல் தவசுக்கு அனுப்பினார். கடலோரத்தில், உப்புக்காற்றில், நாளுக்கு மும்முறை குளித்து, துணி துவைத்து, ஒருவேளை உண்டு, அவர்கள் கூட்டாக வாழ்ந்தார்கள். சுத்தமில்லாதவர்கள் என்று தள்ளப்பட்ட மக்கள், தங்களைத் தள்ளியவர்கள் கனவிலும் எட்டாத சுத்தத்தைக் கடைப்பிடித்துக் காட்டினார்கள். பின்னர் அந்தத் தவசு முட்டப்பதிக்கு மாறியது. துவையல்காரர்கள் ஊர் திரும்பியபோது நடையும் பேச்சும் மாறியிருந்தன. ஊருக்கு ஊர் நிழல் தாங்கல்கள் எழுந்தன. ஒரு தாங்கல் என்றால் ஒரு கூரை, ஒரு கண்ணாடி, ஒரு விளக்கு, அன்னதர்மத்துக்கு ஓர் அடுப்பு. அவ்வளவுதான். அதைத் தடை செய்ய எந்த அரசாணையாலும் எளிதில் முடியாது. அடியேன் என்று நின்ற வாய்கள் அங்கே உகப்படிப்பும் உச்சிப்படிப்பும் படித்தன. கண்ணாடி முன் நிற்கும் ஒவ்வொருவரும் தலைப்பாகை கட்டிய தன் முகத்தையே பார்த்தார்கள்.

சொல்லைக் காற்றில் விட்டுவிடாமல் ஏட்டில் ஏற்றவும் அய்யா திருவுளம் கொண்டார். கொல்லம் 1016 கார்த்திகை 27-இல் சகாதேவன் சீடரான அரிகோபாலன் சீடரை எழுப்பி எழுதச் செய்தார். அதுவே அகிலத்திரட்டு அம்மானை. சிறையிலிருந்து வந்து இரண்டு ஆண்டு ஆகவில்லை. ஆட்சியில் இருந்தது அதே மன்னர், அதே அதிகாரிகள். அந்த நிலையிலும் ஏட்டில் கலிநீசனின் வரியும் ஊழியமும் அடியும் உதையும் ஒன்றுவிடாமல் ஏறின. அன்றைக்குத் திருவிதாங்கூர் ஆட்சியைக் குறைகூறி வேறு எவர் எழுதியிருந்தாலும் மறைத்தே வைத்திருக்க வேண்டும். நம் ஏடு பதிகளிலும் தாங்கல்களிலும் இராகம் போட்டு வாசிக்கப்பட்டது. நூறு ஆண்டளவு பனையோலையில் படியெடுக்கப்பட்டே வந்து, 1939-இல்தான் அச்சேறியது. பனையேறிக்கு வரி போட்ட அரசு, அந்தப் பனையின் ஓலையிலேயே தன் கொடுமை எழுதப்படுவதைத் தடுக்கத் தெரியாமல் போனது.

சுவாதித் திருநாள் 1846-இல் முப்பத்து மூன்று வயதில் மறைந்தார். அய்யா கொல்லம் 1026 வைகாசி 21-இல், 1851 ஜூன் 2-இல், வைகுண்டம் ஏகினார். தோள்சீலைக்காகத் தென்திருவிதாங்கூர் பற்றி எரிந்து, சென்னை கவர்னர் டிரெவெல்யன் வரை நெருக்கிய பிறகு, 1859 ஜூலை 26-இல் அரசு பெண்களின் மேலாடைத் தடையைத் தளர்த்தியது. அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல் உடுத்தக்கூடாது என்ற ஒரு நிபந்தனையை விடாமல் சேர்த்துக்கொண்டது. நிபந்தனை போடாமல் எதையும் கொடுக்க அந்த அரசுக்குத் தெரிந்திருக்கவில்லை. தென்திருவிதாங்கூர் 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டோடு சேர்ந்தது.

இப்போதும் மாசி 19 அன்று ஒரு ஊர்வலம் திருவனந்தபுரத்திலிருந்தும் ஒன்று திருச்செந்தூரிலிருந்தும் புறப்பட்டு நாகர்கோவிலுக்கு வருகின்றன. இரண்டும் சேர்ந்து மறுநாள் காலையில் சுவாமிதோப்புக்கு நடக்கின்றன. தலைப்பாகை கட்டி, திருநாமம் இட்டு, காவிக்கொடி பிடித்து, சாலையை நிறைத்துக்கொண்டு போகும் அந்தக் கூட்டத்தில் யார் எந்தச் சாதி என்று வழியில் நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. பேருந்துகள் ஓரமாக ஒதுங்கி நிற்கின்றன. அய்யாவைக் கட்டி இழுத்துப்போன அதே வழியில், போலீசார் கயிறு பிடித்து ஊர்வலத்துக்குப் பாதை விடுகிறார்கள்.